உயிரியல் பூங்காவுக்கு ஒரு கைப்பேசி விளையாட்டு: வண்டலூரையும் சிங்கவால் குரங்கையும் வைத்து ஒரு வழிகாட்டி

உயிரியல் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வருகிற குடும்பம் ஒரு விலங்கின் முன் நிற்கும் நேரம் மிகவும் குறைவு. விலங்கு நடமாடினால் சற்று நிற்பார்கள், படுத்துக் கிடந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த அடைப்புக்கு நகர்ந்துவிடுவார்கள், அருகிலுள்ள தகவல் பலகையை முழுவதுமாகப் படிப்பவர் அரிதாகவே இருப்பார். அந்தக் கையில் எப்போதும் இருக்கும் கைப்பேசியையே காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் பூங்காக் கல்வியாளர்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த எண்ணத்திலிருந்து பிறக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை வினாடி வினாவாகவே முடிந்துவிடுகின்றன. வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டே ஆடி முடிக்கக்கூடிய ஒன்றுக்குப் பூங்கா எதற்கு, உயிருள்ள விலங்கு எதற்கு?

விளையாடுபவரின் கண்ணைத் திரையிலிருந்து விலங்குக்கும், விலங்கிலிருந்து பூங்காவுக்கு வெளியே அவர் செய்யக்கூடிய ஒரு செயலுக்கும் கொண்டு செல்லும் விளையாட்டை எப்படி வடிவமைப்பது என்பதே இவ்வழிகாட்டியின் பொருள். எடுத்துக்காட்டுக்காக வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவையும், அங்கு இனப்பெருக்கத் திட்டத்தின் கீழ்ப் பேணப்படும் சிங்கவால் குரங்கையும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே விவரிக்கப்படும் விளையாட்டு ஒரு முன்மாதிரி மட்டுமே. பூங்காவில் இப்போது இயங்குவது அன்று.

செயலை முதலில் முடிவு செய்தல்

வரைகலை, கதை, மதிப்பெண் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன், விளையாடி முடித்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வரி எழுதப்படாமல் தொடங்கிய திட்டம் எதுவும் தகவல் திரட்டைத் தாண்டிச் செல்வதில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. உலகின் 26 உயிரியல் பூங்காக்களிலும் நீர்வாழ் காட்சியகங்களிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களிடம் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பல்லுயிர்மை என்றால் என்ன என்பதை ஓரளவேனும் புரிந்துவைத்திருந்தோர் உள்ளே நுழையும்போது 69.8 விழுக்காடாகவும் வெளியேறும்போது 75.1 விழுக்காடாகவும் இருந்தனர். அதைக் காக்கத் தனிமனிதர் செய்யக்கூடிய ஒரு செயலைச் சொல்லத் தெரிந்தவர்களோ 50.5 விழுக்காட்டிலிருந்து 58.8 விழுக்காடாக உயர்ந்தனர். பொதுவான புரிதல் ஏற்கெனவே பலரிடம் இருக்கிறது. பூங்காவுக்கு வந்து போவதே அதைச் சிறிது கூட்டவும் செய்கிறது. பத்தில் நான்கு பேர் வெளியேறும்போதும் ஒரு செயலைச் சொல்லத் தெரியாமல் போகிறார்கள் என்பதுதான் இடைவெளி. ஆகவே விளையாட்டு நிரப்ப வேண்டிய இடம் அந்தச் செயலின் இடமே.

தேர்ந்தெடுக்கும் செயலை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். சாதாரணக் குடும்பம் ஒன்று அடுத்த சில மாதங்களுக்குள் அதைச் செய்ய வாய்ப்பு உண்டா? செய்தார்களா இல்லையா என்று பின்னர் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்ல முடியுமா? அதனால் அந்த விலங்குக்கு உண்மையிலேயே பயன் உண்டா? 'காடுகளைக் காப்போம்' என்பது மூன்றிலும் தோற்கும். 2009ஆம் ஆண்டு மெல்பர்ன் உயிரியல் பூங்கா தன் ஒராங்குட்டான் காட்சியிடத்தை ஒட்டி நடத்திய இயக்கம், ஒராங்குட்டான் வாழும் காடுகளை அழித்துப் பயிரிடப்படும் பனையின் எண்ணெயான பாமாயிலை உணவுப் பொருள்களின் உறையில் பெயர் சொல்லிக் குறிப்பிடச் சட்டம் வேண்டும் என்ற ஒன்றை மட்டுமே பார்வையாளர்களிடம் முன்வைத்துக் கையொப்பம் கேட்டது. கேட்பது ஒன்றாக இருந்தால்தான் கேட்டது நினைவில் நிற்கும்.

சிங்கவால் குரங்குக்கு வருவோம். சோலைமந்தி என்றும் அழைக்கப்படும் இவ்விலங்கு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மழைக்காட்டு மரங்களின் மேல்தளத்திலேயே வாழ்நாளைக் கழிப்பது, வெடிப்பலா போன்ற மரங்களின் கனியையும் விதையையும் பூச்சிகளையும் தின்பது, ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவியே இடம்பெயர்வது ஆகியவை அதன் வாழ்முறை. தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் காட்டைத் துண்டாடியபோது அது தரையில் இறங்க நேர்ந்தது. வால்பாறையின் புதுத்தோட்டம் பகுதியில் சாலையைக் கடக்கும்போது வாகனத்தில் அடிபட்டு இறக்கும் குரங்குகளுக்காக, இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் என்ற அமைப்பினர் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். வாகனங்களை மெதுவாகச் செல்லச் சொல்லும் காவலர்களும் அங்கே நிறுத்தப்பட்டனர். ஆனால் மேலே பாலம் இருக்க, கீழே நின்று சுற்றுலாப் பயணி சிப்ஸ் நீட்டினால் குரங்கு கீழேதான் இறங்கும்.

எனவே நமது ஒற்றை வரி இது: 'மலைச்சாலையில் எந்தக் குரங்குக்கும் உணவு கொடுக்க மாட்டோம், குரங்குகள் கடக்கும் இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுவோம்.' கோடை விடுமுறையில் வால்பாறைக்கோ கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போகும் சென்னைக் குடும்பங்கள் பல. 'எந்தக் குரங்குக்கும்' என்று சொல்வதால் வழியெங்கும் காணப்படும் நாட்டுக்குரங்கும் இதில் அடங்கிவிடுகிறது. வேறு விலங்கை மையமாக வைக்க விரும்புவோருக்கு வேறு செயல்கள் கிடைக்கும். பச்சைக்கிளியையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதே இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது; அதுவும் நல்ல விளையாட்டுக்குரிய கருவே.

ஆட்டத்தின் அமைப்பு

செயல் முடிவானதும் ஆட்டத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே தோன்றிவிடும். நமது விளையாட்டில் ஆடுபவர் குரங்கு அல்லர். புதுத்தோட்டத்துச் சாலையோரக் காவலர். ஒரு சோலைத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல வேண்டிய குரங்குக் கூட்டம் மரத்தின் மேல் காத்திருக்கிறது. பாலத்தை எந்த இரு மரங்களுக்கிடையே கட்டுவது, எந்த வாகனத்தை எப்போது மெதுவாக்குவது, வண்டியிலிருந்து உணவு நீட்டுபவரிடம் எப்படிப் பேசுவது என்பவை அவர் எடுக்க வேண்டிய முடிவுகள்.

இந்த முடிவுகளுக்குத் தேவையான தகவல் திரையில் இருக்கக்கூடாது என்பதே முழு வடிவமைப்பின் அச்சாணி. 'பாலம் ஒற்றைக் குழாயாக இருந்தால் போதுமா, ஏணிபோல் அகலமாக இருக்க வேண்டுமா?' என்று திரை கேட்க வேண்டும். விடையை எதிரேயுள்ள அடைப்பில் கயிற்றின்மேல் நடக்கும் குரங்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். 'கிடைத்த உணவை உடனே விழுங்குகிறதா, கன்னப்பையில் அடக்கிக்கொள்கிறதா?', 'குட்டி தாயின் எந்தப் பக்கத்தைப் பற்றியிருக்கிறது?', 'கூட்டத்தில் யார் யாருக்கு வழிவிடுகிறார்கள்?' என்பன போன்ற கேள்விகள் ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடக் கவனிப்பைக் கோருபவை. கேள்வி தோன்றியதும் திரை தானாக மங்கிவிட வேண்டும். ஒன்றரை நிமிடம் கழித்துக் கைப்பேசி மெல்ல அதிர்ந்து விடையைக் கேட்கலாம். அதுவரை அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கக்கூடாது. பூங்காவில் இருப்பவருக்கு ஒரு விடையும், வீட்டில் ஊகிப்பவருக்கு வேறொரு விடையும் தோன்றும்படியான கேள்விகளே தேர்ந்தவை.

அதிர்வு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பூங்கா விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்கு உணவு கொடுப்பதும், ஒலி எழுப்பி அமைதியைக் கெடுப்பதும் மேற்சொன்ன சட்டத்தின் 38ஜே பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. வெற்றிக்குக் கைதட்டல், தோல்விக்கு ஊதல் என்று ஒலிக்கும் நூறு கைப்பேசிகளை ஓர் அடைப்பின் முன் கற்பனை செய்து பாருங்கள். ஒலியே இல்லாமல் ஆடக்கூடியதாக விளையாட்டை அமைத்துவிட்டு, எழுத்தறியாதவருக்கும் மூத்தோருக்கும் மட்டும் காதில் வைத்துக் கேட்கும் குரல்பதிவைத் தனியே தர வேண்டும்.

அடுத்து, விலங்கு கண்ணில் படாத நேரம். சென்னையின் நண்பகலில் பெரும்பாலான விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். பார்வையாளர் கூட்டமோ அப்போதுதான் மிகுதி. விலங்கைப் பார்த்தால்தான் அடுத்த கட்டம் என்று விதி வைத்தால், குழந்தைகள் கம்பியைத் தட்டியும் கூவியும் அதை எழுப்பப் பார்ப்பார்கள். குற்றத்தைத் தூண்டியது விளையாட்டாகிவிடும். இதற்கு ஒரு நல்ல தீர்வைக் களத்திலிருந்தே எடுக்கலாம். காட்டில் குரங்குகளை ஆராய்பவர்களும் பல நாள்கள் குரங்கைப் பார்ப்பதில்லை; கடித்துப் போட்ட கனி, எச்சம், முறிந்த கிளை ஆகியவற்றைக் கொண்டே அது வந்து சென்றதை அறிகிறார்கள். இன்டர்நெட் ஆஃப் எலிஃபன்ட்ஸ் என்ற நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வைல்டெவர்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டு, போர்னியோவிலும் காங்கோவிலும் ஆய்வாளர்கள் பின்தொடரும் உண்மையான மனிதக்குரங்குகளை இப்படித் தடயங்களின் வழியே தேடச் செய்தது. நமது விளையாட்டிலும் 'குரங்கு தெரியவில்லை' என்ற பொத்தான் ஒன்று இருக்க வேண்டும். அதை அழுத்தினால் தடயம் தேடும் கட்டம் திறக்க வேண்டும். அதற்குரிய மதிப்பெண், குரங்கைப் பார்த்தவர் பெறுவதற்கு எள்ளளவும் குறையக்கூடாது.

செய்யக்கூடாதவை

குரங்குக்குப் பழம் ஊட்டி மதிப்பெண் பெறும் கட்டம் எந்த வடிவில் வந்தாலும் நீக்கிவிட வேண்டும். உணவு கொடுக்காதே என்பதைச் சொல்ல வந்த விளையாட்டு, ஊட்டுவதன் இன்பத்தைப் பத்து நிமிடம் பழக்கிவிட்டுக் கடைசித் திரையில் மட்டும் அதைக் கண்டித்தால், குழந்தையின் மனத்தில் தங்குவது அந்தப் பத்து நிமிடம்தான். குழந்தைகளுக்கான விலங்கு விளையாட்டு என்றதும் நிரலாளர்கள் முதலில் முன்மொழிவது இதையே என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

கதைநாயகனான சிறுவனின் தோளில் அமர்ந்து பேசும் குரங்கும் அப்படிப்பட்டதே. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2008ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியானது. மற்ற பெருங்குரங்குகளைவிடச் சிம்பன்சிகளை அழிவின் விளிம்பில் உள்ளவையாகக் கருதியோர் குறைவாக இருந்தனர் என்றும், விளம்பரங்களிலும் தொலைக்காட்சியிலும் அவை அடிக்கடி தோன்றுவதைப் பலர் அதற்குக் காரணமாகச் சொன்னார்கள் என்றும் அது காட்டியது. சட்டை போட்ட விலங்கு அழிந்துகொண்டிருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. குரங்கு விளையாட்டில் குரங்காகவே, மரத்தின் மேலேயே இருக்கட்டும்.

விலங்குடன் தற்படம் எடுத்தால் பரிசு, விலங்கின் அருகே சென்றால் பரிசு ஆகியவை வேண்டாம். பரிசைப் பதிவிறக்க எண்ணிக்கைக்கும் நண்பர்களுக்குப் பகிர்வதற்கும் தருவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றால் பெருகுவது விளையாட்டின் பெயர்தான்.

குழந்தைகளின் தரவு இன்னொரு கவலை. 2023ஆம் ஆண்டு இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. பெயர், கைப்பேசி எண், இருப்பிடம் எதையுமே கேட்காமல் இருப்பதே எளிய வழி. அப்படிக் கேட்காத விளையாட்டைப் பெற்றோரும் நம்பிக் குழந்தை கையில் கொடுப்பார்கள்.

தொழில்நுட்பம்

செயலியைவிட, உலாவியில் திறக்கும் இணையவிளையாட்டே பூங்காவுக்கு ஏற்றது. நுழைவாயிலில் வரிசையில் நிற்பவர் செயலிக் கடைக்குப் போய்த் தேடி, நிறுவி, அனுமதிகள் கொடுத்து முடிப்பதற்குள் பொறுமை இழந்துவிடுவார். சீட்டிலேயே அச்சிட்ட க்யூஆர் குறியீட்டை வருடியதும் விளையாட்டு முழுவதும் கைப்பேசியில் சேமிக்கப்பட்டுவிட வேண்டும். அதன்பின் இணைய இணைப்பே தேவைப்படக்கூடாது. ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புள்ள புதர்க்காட்டுப் பூங்காவில் எல்லா மூலையிலும் சிக்னல் ஒரேபோல் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடக்கூடாது. நுழைவாயிலில் இலவச வைஃபை இருந்தால் இந்தச் சேமிப்பு எளிதாகும். மொத்த அளவை 15 எம்பிக்குள் அடக்கினால் விலை குறைந்த கைப்பேசிகளும் தடுமாறாமல் இயக்கும்.

ஆடுபவர் எந்த அடைப்பின் முன் நிற்கிறார் என்பதை அறிய ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். மரநிழலில் அது பல மீட்டர் தவறும். அடுத்தடுத்த இரு அடைப்புகளைப் பிரித்தறியாது. மின்கலத்தையும் விரைவில் தீர்க்கும். அடைப்புக்கு அருகே சிறு பலகையில் ஒரு விலங்கின் நிழலுருவும் நான்கு இலக்க எண்ணும் இருந்தால் போதும். அந்தப் பலகையைக் கம்பித் தடுப்பை ஒட்டி வைக்காமல், பின்வாங்கி நின்று பார்க்க வசதியான நிழலில் வைத்தால் நெரிசலும் குறையும். நடந்துகொண்டே ஆட முடியாதபடி, ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே திரையில் வழிகாட்டும் அம்புக்குறியைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது.

நம் ஊரில் ஒரு குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி என்றே கணக்கிட வேண்டும். அது குறையாகத் தோன்றினாலும் வடிவமைப்பாளருக்குச் சாதகமானது. ஒருவர் கைப்பேசியைப் பிடித்துக் கேள்வியைப் படிக்க, மற்றவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அமைத்தால், பாட்டியும் பேரனும் 'அதோ, அந்தப் பெரியது வாயில் அடக்கிக்கொள்கிறது பார்' என்று பேசத் தொடங்குவார்கள். கைப்பேசி இல்லாமல் பள்ளிச் சுற்றுலாவாக வரும் மாணவர்களுக்கு அதே கேள்விகளை அட்டையில் அச்சிட்டு, நிலையத்துக்கு ஒரு முத்திரை குத்தும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். தமிழும் ஆங்கிலமும் இரண்டும் வேண்டும். ஆனால் முதலில் தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்குச் செல்வதே நல்லது, எதிர்த்திசையில் சென்றால் தமிழ் அரசாணையைப்போல் வந்து சேரும்.

தாளில் தொடங்குதல்

நிரல் எழுதுவதற்கு முன் முழு விளையாட்டையும் அட்டைகளில் எழுதி, தன்னார்வலர் ஒருவர் திரையின் வேலையைச் செய்ய, வரும் குடும்பங்கள் சிலவற்றுடன் அடைப்பின் முன்னால் ஆடிப் பார்க்க வேண்டும். எந்தக் கேள்வியில் தலை நிமிர்கிறது, எதில் ஊகித்துவிட்டு நகர்கிறார்கள் என்பது அரை நாளில் தெரிந்துவிடும். அட்டையைக் கிழித்து வேறு எழுதச் செலவில்லை. விலங்குகளைத் தினமும் பேணும் பணியாளரை இந்தக் கட்டத்திலேயே சேர்த்துக்கொள்வது இன்றியமையாதது. எந்தக் குரங்கு எந்த நேரத்தில் எங்கே அமரும், எந்த நடத்தை நாள்தோறும் காணக்கூடியது, எது எப்போதாவது நிகழ்வது என்பது அவர் அளவுக்கு நூல்களுக்குத் தெரியாது.

பயன் விளைந்ததா என்று அறிதல்

பதிவிறக்கங்களும் நட்சத்திர மதிப்பீடுகளும் எதையும் காட்டுவதில்லை. இரண்டை அளக்க வேண்டும். முதலாவது, அடைப்பின் முன் நிற்கும் நேரம்: விளையாட்டுப் பலகை வைத்த நாள்களிலும் எடுத்துவிட்ட நாள்களிலும், ஒரே நேரத்தில், ஒருவர் சற்றுத் தள்ளி அமர்ந்து குடும்பங்கள் நிற்கும் நேரத்தையும் அதில் விலங்கைப் பார்த்த நேரத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். நின்ற நேரம் கூடி, பார்த்த நேரம் குறைந்திருந்தால் விளையாட்டு தோற்றுவிட்டது என்று பொருள். அதை மறைக்காமல் அறிக்கையில் எழுத வேண்டும்.

இரண்டாவது, செயல். வெளியேறும் வாயிலில், விளையாடியவர்களிடமும் விளையாடாதவர்களிடமும், 'மலைச்சாலையில் குரங்கு வண்டியருகே வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று விடைகளைக் கொடுக்காமல் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். தாமாகவே விளையாட முன்வருபவர்கள் முன்பே காட்டுயிர் ஆர்வம் உள்ளவர்களாக இருக்கக்கூடும் என்பதால், நுழையும்போதும் இதே கேள்வியை வேறு சிலரிடம் கேட்டு ஒப்பிட வேண்டும். விருப்பமுள்ள பெரியவர்களின் எண்ணை மட்டும் தனியே, விளையாட்டோடு தொடர்பில்லாமல் பெற்று, கோடை விடுமுறை முடிந்தபின் ஒருமுறை அழைத்து, மலைக்குப் போனீர்களா, குரங்கைப் பார்த்தீர்களா, என்ன செய்தீர்கள் என்று கேட்பதே இறுதியான சோதனை. பதில் சொல்பவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள். ஆயினும் அந்தச் சிலரின் பதில், வாயிலில் கிடைக்கும் பல நூறு வாக்குறுதிகளைவிட மதிப்புடையது.

தொடர்ந்து பேணுதல்

விளையாட்டு வெளியான பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லாமல் போவதே இத்தகைய திட்டங்களின் வழக்கமான முடிவு. அடைப்பு மாறும், குட்டி பிறக்கும், விலங்கு இறக்கும். 2021 ஜூனில் வண்டலூரின் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி, இரண்டு சிங்கங்கள் இறந்தன. விலங்குகளைப் பெயரிட்டு அழைக்கும் விளையாட்டாக இருந்தால், அத்தகைய நாளில் திரை என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். இறந்த விலங்கு திரையில் துள்ளிக் குதித்துக்கொண்டிருப்பது பணியாளர்களுக்கும் வேதனை, பார்வையாளருக்கும் பொய். கேள்விகளையும் விடைகளையும் சாதாரண அட்டவணைக் கோப்பில் வைத்து, நிரலாளரின் உதவியின்றிப் பூங்காவின் கல்விப் பிரிவே திருத்தக்கூடியதாக அமைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். பூங்காவுக்கு வார விடுமுறையான செவ்வாய்க்கிழமையில், பலகைகளை ஒருமுறை சுற்றி வந்து, வெயிலில் வெளுத்த எண்களை மாற்றி, அந்தந்த அடைப்பில் இப்போது இருப்பது எந்த விலங்கு என்று பணியாளரிடம் கேட்டுக் கோப்பைச் சரிசெய்யும் பொறுப்பை ஒருவரின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.